நண்பருக்காக ஒரு வாதம்: கின்ஸ்பர்க்கின் நூலும் 'ஒருவேளை' என்னும் சொல்லும்

நண்பர் ஒருவருக்காக எழுதப்பெறும் நூலை ஆய்வு நூலாக ஏற்கலாமா என்பது எளிதில் விடை காண இயலாத வினா. அன்பு கண்ணை மறைக்கும் என்பது பொதுக் கருத்து. தூரின் நகரத்து எயினாவ்தி பதிப்பகம் 1991இல் வெளியிட்ட 'நீதிபதியும் வரலாற்றாசிரியரும்' என்னும் இத்தாலிய நூலைப் படிப்போர் இக்கருத்தை மீண்டும் எண்ணிப்பார்க்க நேரும். அதன் ஆசிரியர் கார்லோ கின்ஸ்பர்க், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் சமய விசாரணை மன்ற ஆவணங்களைப் பயின்று புகழ்பெற்ற வரலாற்றறிஞர். கொலைக்கு ஆணையிட்டவர் என்று 1990இல் 22 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற அத்ரியானோ சோஃப்ரி அவருடைய நெடுங்கால நண்பர். இவ்வுறவை ஆசிரியர் மறைக்கவில்லை. சோஃப்ரி தம் நண்பர் என்பதையும், அவர் குற்றமற்றவர் என்பதில் தமக்கு ஐயமில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சொன்னபின் அவ்வுறுதியை ஒதுக்கி வைத்துவிட்டு, வழக்கு ஆவணங்களை யாரும் படிக்கக்கூடிய முறையில் படித்துக் காட்டுகிறார்.

சோஃப்ரி குற்றவாளியா அல்லரா என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒருவர் ஒன்றை எவ்வளவு உறுதியோடு சொன்னார், அதனைக் கேட்டு எழுதியவர் எவ்வளவு உறுதியோடு திருப்பிச் சொன்னார் என்னும் இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு, பொருண்மையியலாரும் மொழிபெயர்ப்பாளரும் அன்றாடம் எதிர்கொள்வது. ஒரு மனிதரின் சிறைவாழ்வு அத்தொலைவில் அடங்கியிருந்தது என்பதால் இந்நூல் இங்கு ஆராயப்படுகிறது.

வழக்கின் வரலாறு

1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் பியாட்ஸா ஃபொந்தானாவில் உள்ள வேளாண் வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் உயிரிழந்தனர். விசாரணைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜுசெப்பே பினெல்லி என்னும் அராஜகவாதி, டிசம்பர் 15 இரவு காவல் தலைமையகத்தின் நான்காம் மாடிச் சாளரத்திலிருந்து விழுந்து இறந்தார். இந்திய மேடைகளிலும் நடிக்கப்பெற்ற தாரியோ ஃபோவின் அராஜகவாதி நாடகம் (1970) இந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததே. சோஃப்ரி தலைமை வகித்த 'லோத்தா கொந்தீனுவா' (தொடர் போராட்டம்) என்னும் இடதுசாரி இயக்கத்தின் இதழ், பினெல்லியின் சாவுக்குக் காவல் அதிகாரி லூயிஜி கலாப்ரேசியே பொறுப்பு என்று மிகக் கடுமையான சொற்களால் தொடர்ந்து எழுதியது. 1972 மே 17 காலை கலாப்ரேசி மிலானில் தம் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். பினெல்லி விழுந்த நேரத்தில் கலாப்ரேசி அவ்வறையிலேயே இல்லை என்று நீதி விசாரணை கண்டது 1975இல்தான்.

கொலை நடந்து பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், 1988 கோடையில், அவ்வியக்கத்தின் முன்னாள் உறுப்பினரும் பழைய ஃபியட் தொழிலாளருமான லியோனார்தோ மரீனோ கரபினியேரி காவற்படையினரிடம் சென்றார். அப்போது அவர் கடற்கரை ஊரொன்றில் அப்பம் சுட்டு விற்றுப் பிழைத்துவந்தார். கொலைக்குச் சென்ற காரை ஓட்டியவர் தாமே என்றும், சுட்டவர் ஒவீதியோ பொம்ப்ரெஸ்ஸி என்றும், ஆணையிட்டவர்கள் ஜோர்ஜோ பியெத்ரோஸ்தெஃபானியும் சோஃப்ரியும் என்றும் அவர் கூறினார். மற்ற மூவரும் மறுத்தனர்.

1990 மே மாதத் தீர்ப்பு மூவருக்கும் 22 ஆண்டுகளும் மரீனோவுக்கு 11 ஆண்டுகளும் விதித்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1992 அக்டோபரில் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தின் கூட்டு அமர்வு அதனை நீக்கியது. 1993 டிசம்பரில் விடுதலைத் தீர்ப்பு வந்தது. மொழியியலார் கவனத்துக்குரிய பனுவல் அது. விடுதலை என்ற முடிவுக்கு எழுதப்பட்ட காரணங்கள், விடுதலை செய்திருக்கக்கூடாது என்று படிப்போர் எண்ணும்வண்ணம் அமைந்தன. இத்தாலிய வழக்கறிஞர்கள் இத்தகையதைத் 'தற்கொலைத் தீர்ப்பு' என்பர். முடிவும் காரணமும் முரண்பட்டதால் 1994இல் அதுவும் நீக்கப்பட்டது. 1995இல் மீண்டும் தண்டனை வழங்கப்பட்டு, 1997 ஜனவரியில் அது இறுதியானது. இதற்குள் காலவரம்பு கடந்துவிட்டதால் மரீனோ தண்டனையிலிருந்து நீங்கினார். மறுவிசாரணை 2000இல் தண்டனையையே உறுதிசெய்தது. 2003இல் ஐரோப்பிய மனித உரிமை மன்றம் முறையீட்டை ஏற்க மறுத்தது. பொம்ப்ரெஸ்ஸிக்கு 2006இல் குடியரசுத் தலைவரின் மன்னிப்புக் கிடைத்தது. சோஃப்ரியின் தண்டனை 2012 ஜனவரியில் முடிவுற்றது. கின்ஸ்பர்க்கின் நூல் முதல் தீர்ப்புக்குப்பின், அதனை மாற்றும் நம்பிக்கையோடு எழுதப்பெற்றது. அந்நம்பிக்கை நிறைவேறவில்லை.

ஒரு பெயரில் அடங்கிய தீர்ப்பு

உடன்குற்றவாளிகளைக் காட்டிக்கொடுத்து அரசுத் தரப்புக்கு உதவுவோரை இத்தாலியில் 'பெந்தீத்தோ' என்று வழங்குவர். 'மனம் வருந்தியவர்' என்பது அதன் நேர்ப்பொருள். சட்ட நூல் தந்த சொல்லன்று அது. செய்தித்தாளும் மக்கள் வழக்கும் தந்தது. மரீனோவுக்கும் இப்பெயரே வழங்கிற்று. ஒருவர் மனம் வருந்தினார் என்று சொல்வதற்கு முன்னால், வருந்துவதற்குரிய செயலொன்றை அவர் செய்தார் என்று ஏற்றுக்கொண்டாக வேண்டும். 'அவர் மனம் வருந்தவில்லை' என்று எதிர்மறையாக்கினாலும் அந்த முற்கோள் அழிவதில்லை. மரீனோ உண்மையில் அக்காரை ஓட்டினாரா என்பதே வழக்கின் மைய வினாவாக இருக்க, அவரைச் சுட்டும் பொதுப்பெயரே அவ்வினாவுக்கு விடை சொல்லிவிடுகிறது.

தமிழில் இதனை எப்படிப் பெயர்ப்பது? நம் செய்தித்தாள்களும் வழக்குமன்றங்களும் வழங்கும் 'அப்ரூவர்' என்னும் சொல்லில் மனவருத்தம் என்னும் பொருட்கூறு இல்லை. அரசுத் தரப்போடு அவருக்கு ஏற்பட்ட உறவை மட்டுமே அது சுட்டுகிறது. ஆயினும் இந்தியாவில் அப்ரூவர் என்பவர் மன்னிப்பு வாக்குறுதி பெற்றுச் சாட்சியானவர். மரீனோவோ இறுதிவரை உடன்எதிரியாகவே இருந்து, மற்றவரோடு சேர்த்துத் தண்டிக்கப்பெற்றவர். ஆகவே 'அப்ரூவர்' என்றால் சட்டநிலை பிழைபடும். 'மனம் வருந்தியவர்' என்றால் பொருண்மை சாய்ந்துவிடும். 'குற்றத்தை ஒப்புக்கொண்டு மற்றவரைச் சுட்டியவர்' என்னும் நீண்ட தொடரே நடுநிலையானது. ஒவ்வோரிடத்தும் அதனை எழுதக் கை சலிக்கும் என்பது உண்மையே.

உடன்குற்றவாளியின் சொல்லைத் தனியே நம்பலாகாது என்னும் விதி இரு நாடுகளுக்கும் பொது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 114ஆம் பிரிவில் உள்ள ஓர் எடுத்துக்காட்டு, முக்கியச் செய்திகளில் பிறசான்று துணைநிற்காதவழி உடன்குற்றவாளியை நம்பத்தகாதவராகக் கொள்ளலாம் என்றது. இத்தாலியின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைத் தொகுப்பின் 192ஆம் பிரிவும் ஏறக்குறைய இதனையே வேண்டுகிறது. கின்ஸ்பர்க்கின் வாதம் முழுவதும் இவ்விதியின்மேல் நிற்கிறது.

பதிவும் பதிவின்மையும்

நூலின் மிக வலிய பகுதி, மரீனோவின் கூற்றுகளை ஒன்றோடொன்றும் பிற சான்றுகளோடும் ஒப்பிடும் பகுதியாகும். கொலைக்குப் பயன்பட்ட கார் நீல நிறமுடையது. மரீனோ வேறு நிறம் சொன்னார். தப்பிச் சென்ற வழியைக் கண்ணாற் கண்டவர்கள் சொன்னதற்கு மாறாகச் சொன்னார். 1972 மே 13 அன்று பீசா நகரில் நடந்த கூட்டத்துக்குப்பின் ஆணை தமக்கு உறுதிசெய்யப்பட்டது என்றார். அப்போது பியெத்ரோஸ்தெஃபானியும் உடனிருந்தார் என்று முதலில் கூறிப் பின்னர் அதனைக் கைவிட்டார். அன்று பீசாவில் கடுமழை பெய்தது. அவருடைய முதற்கூற்றில் மழையே இல்லை. மழையை நினைவில் வைக்காத மனிதர் பலர் உண்டு என்பது உண்மைதான். ஆயினும் ஆணை என்னும் செய்தியைத் தாங்கி நின்றது அந்த ஓர் உரையாடல் மட்டுமே. அதற்கு மூன்றாம் சாட்சி இல்லை.

கூற்றும் சான்றும் முரண்படும்போது எதனை வைத்து எதனைச் சரிபார்ப்பது என்பதே இங்கு எழும் முறையியல் வினா. கண்ணாற் கண்டோர் சொல்லை அளவுகோலாகக் கொண்டு மரீனோவின் கூற்றைச் சோதிப்பதற்கு மாறாக, மரீனோவின் கூற்றை அளவுகோலாகக் கொண்டு கண்டோர் பிழைபட்டனர் என்று முடிவு செய்யப்பட்டது என்கிறார் கின்ஸ்பர்க். பொருந்துவன உண்மைக்குச் சான்று. பொருந்தாதன, பயிற்றுவிக்கப்படாத இயல்பான பேச்சுக்குச் சான்று. இப்படி இரு பக்கமும் வெட்டும் அளவுகோல் எதனையும் அளப்பதில்லை. களஆய்வில் ஒரே தகவலாளியை மட்டும் நம்பி இலக்கணம் எழுதி, அவரோடு மாறுபடும் மற்றவரையெல்லாம் 'வழு' என்று தள்ளும் ஆய்வாளரை மொழியியலார் நன்கு அறிவர்.

இதனினும் கடுமையான செய்தி 1990 பிப்ரவரியில் மன்றத்தில் வெளிவந்தது. ஆவணங்களின்படி மரீனோவின் வாக்குமூலம் ஜூலை மாதத்தின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஆனால் ஜூலை 2 முதலே அவர் கரபினியேரியைச் சந்தித்துவந்தார் என்பது அப்படையினரின் சாட்சியத்தாலேயே தெரியவந்தது. இடைப்பட்ட 17 நாள்களில் நடந்த உரையாடல்களுக்கு எழுத்துப் பதிவு ஏதும் இல்லை.

கின்ஸ்பர்க்கின் முந்திய ஆய்வுகளை அறிந்தோர்க்கு இந்த இடம் ஏன் அவரை இவ்வளவு உறுத்தியது என்பது விளங்கும். ஃப்ரியூலி வட்டாரத்து உழவர்கள் தங்கள் ஆவி விளைச்சலைக் காக்கச் சூனியக்காரரோடு போரிடுவதாக 1575இல் விசாரணையாளரிடம் கூறினர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில், கேள்விகளின் அழுத்தத்தால் அக்கூற்று, தாங்களே சூனியக்காரர்கள் என்னும் ஒப்புதலாக மாறியது. அம்மாற்றத்தைக் கின்ஸ்பர்க் தடம்பிடித்துக் காட்ட முடிந்ததற்குக் காரணம், மன்ற எழுத்தர்கள் விடையோடு வினாவையும் எழுதிவைத்தமையே. 1989இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், அவ்வாவணங்கள் பாக்தின் சொன்ன பொருளில் உரையாடற் பனுவல்கள் என்று அவர் விளக்கியிருந்தார். வினா அழிந்து விடை மட்டும் எஞ்சினால், அது யாருடைய சொல் என்று அறிய வழியில்லை.

காவல் நிலைய வாக்குமூலத்தின் மொழிநடை இச்சிக்கலை மேலும் பெருக்குகிறது. இத்தாலோ கால்வினோ 1965இல் எழுதிய கட்டுரையொன்றில், சாட்சி ஒருவர் எளிய பேச்சில் சொல்வதைக் காவலர் தட்டச்சில் அலுவலக மொழியாக மாற்றும் காட்சி வருகிறது. அம்மொழிக்குக் கால்வினோ இட்ட பெயர் 'எதிர்மொழி'. 'மேலே கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன், மேற்படி நபரை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எந்தத் தமிழரும் வாயால் பேசியதில்லை. ஆயினும் நம் வாக்குமூலங்களில் எல்லோரும் அப்படித்தான் பேசுகின்றனர். வினாவும் விடையும் ஒரே தன்மைக் கூற்றாக இணைக்கப்படும்போது தயக்கம், இடைநிறுத்தம், 'நினைவில்லை' என்பன முதலில் உதிர்கின்றன.

'ஒருவேளை' யாருக்கு உரியது?

நூலின் தலைப்புக்குரிய வாதம் இனி வருகிறது. சான்று தேடுதல் என்னும் பணியில் நீதிபதியும் வரலாற்றாசிரியரும் உடன்பிறந்தோர். சான்று அற்றுப்போன இடத்தில் இருவரும் பிரிகின்றனர். வரலாற்றாசிரியர், அதே காலத்து, அதே வட்டாரத்துப் பிற ஆவணங்களைக் கொண்டு இடைவெளியை நிரப்பலாம். நாத்தலி சீமோன் டேவிஸ் தம் மார்த்தின் கெர் நூலில் அவ்வாறு செய்ததைக் கின்ஸ்பர்க் 1984லேயே பாராட்டியிருந்தார். ஆனால் அப்படி நிரப்பும்போது 'ஒருவேளை', 'போலும்', 'இருந்திருக்கலாம்' என்னும் ஐயக் கிளவிகளை வெளிப்படையாக இடவேண்டும். தனி ஒருவருக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதிக்கு இந்த உரிமை இல்லை. இயக்கத்தின் இயல்பு இது, தலைவரின் நிலை இது, ஆகவே அவர் ஆணையிட்டிருப்பார் என்று சூழலைக் கொண்டு வெற்றிடத்தை நிரப்பினால், நிகழ்ந்திருக்கக்கூடியது நிகழ்ந்தது ஆகிவிடுகிறது. 'கூடும்' என்னும் துணைவினை உதிர்ந்து, முற்றுவினை மட்டும் தீர்ப்பில் நிற்கிறது.

இப்பகுதியைத் தமிழாக்க முனைவோர் சில இடங்களில் இடறக்கூடும். இத்தாலியச் செய்தி நடையில், உறுதிப்படாத செய்தியை நிபந்தனை வினைவடிவத்தில் எழுதுவது மரபு. எழுதுபவர் அச்செய்திக்குத் தாம் பொறுப்பேற்பதில்லை என்பதை அவ்வடிவம் உணர்த்தும். தமிழில் இதற்கு நெருங்கியது '-ஆம்' என்னும் ஒட்டிடைச்சொல்: 'சோஃப்ரி ஆணையிட்டாராம்'. ஆனால் '-ஆம்' பேச்சு வழக்கின் சாயல் உடையது. சில சூழல்களில் எள்ளலும் தொனிக்கும். எழுத்து நடையில் நாம் நாடுவது 'ஆணையிட்டதாகக் கூறப்படுகிறது' என்னும் செயப்பாட்டு வடிவம். இவ்வழக்கில் அது பெருந்தீங்கு செய்யும். 'கூறப்படுகிறது' என்பது கூறியவரை மறைத்துப் பலர் கூறியதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. இங்கே கூறியவர் ஒருவரே. 'ஆணையிட்டதாக மரீனோ கூறுகிறார்' என்று சலிப்புத் தட்டினும் ஒவ்வொரு முறையும் எழுவாயோடு எழுதுவதே நேர்மையான பெயர்ப்பு.

'தெரிந்திருக்க வேண்டும்' என்னும் வடிவம் இன்னும் நுட்பமானது. 'அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்பதற்குத் தமிழில் இரு பொருள் உண்டு. அவருக்குத் தெரிந்தே இருக்கும் என்று பேசுபவர் ஊகிக்கிறார் என்பது ஒன்று. தெரிந்துகொண்டிருப்பது அவர் கடமை என்பது மற்றொன்று. முன்னது அறிவைப் பற்றிய அனுமானம். பின்னது பொறுப்பைப் பற்றிய மதிப்பீடு. இத்தாலிய மொழியில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வினைவடிவங்கள் கிடைக்கின்றன, சில இடங்களில் மயக்கம் நேர்ந்தபோதிலும். தமிழாக்கத்தில் கடமைப் பொருள் வேண்டிய இடத்தில் இவ்வடிவத்தை இட்டால், படிப்பவர் அதனை அனுமானமாகவும் கொள்வார். பொறுப்பு அறிவாக மாறிவிடும். 'தெரிந்துதான் இருக்கும்' என்றும், 'தெரிந்துகொண்டிருக்க வேண்டியவர்' என்றும் பிரித்தெழுதுதல் தகும்.

இவ்வேறுபாடு இலக்கண ஆர்வத்துக்காக மட்டும் இங்குச் சொல்லப்படவில்லை. கொலைக்குத் தாம் ஆணையிடவில்லை என்று சோஃப்ரி தொடர்ந்து மறுத்துவந்தார். மன்னிப்பு வேண்டி விண்ணப்பிக்கவும் இல்லை. அதேவேளையில், தம் இதழின் சொற்கள் உருவாக்கிய சூழலுக்குத் தமக்குள்ள அறநெறிப் பொறுப்பைப் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டார். சட்டக் குற்றமும் அறப்பொறுப்பும் வெவ்வேறு என்பது அவருடைய நிலைப்பாடு. அவ்விரண்டையும் ஒரே துணைவினையால் பெயர்த்தால், அவர் மறுத்ததை அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்ததாக முடியும்.

நூலின் குறைகள்

நட்பு நூலைப் பாதிக்கவே இல்லை என்று சொல்வதற்கில்லை. தம்மை யாரும் ஐயுறாத காலத்தில் ஒருவர் தாமே முன்வந்து கொலைக் குற்றத்தை ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? மரீனோவை நம்பியோர் எழுப்பிய வலிய வினா இது. சூனிய விசாரணைகளில் பொய்யான தற்குற்றச்சாட்டுகள் ஏராளம் என்னும் வரலாற்று ஒப்புமை இதற்குப் போதிய விடையன்று. அம்மன்றங்களில் சித்திரவதையும் அதன் அச்சமும் இருந்தன. மரீனோ தாமாகவே நடந்து சென்றவர். ஒப்புமை, பொய்யான ஒப்புதல் நிகழக்கூடும் என்பதை மட்டுமே காட்டும். இங்கு நிகழ்ந்தது என்பதைக் காட்டாது. நீதிபதிகளுக்குக் கின்ஸ்பர்க் மறுக்கும் 'கூடும்' இங்கே அவர் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எனினும் இரண்டும் ஒன்றல்ல. குற்றம் சாட்டுவோர் கூற்றில் வரும் 'ஒருவேளை' தண்டனைக்குப் போதாது. மறுப்போர் கூற்றில் வரும் 'ஒருவேளை'யோ, நியாயமான ஐயமாக நிற்குமாயின், விடுதலைக்குப் போதும். ஒரே சொல், பேசுபவர் நிற்கும் இடத்துக்கேற்ப வேறு வலிமை பெறுகிறது. கருத்தாடல் ஆய்வாளர் இதனைச் செயற்பொருண்மை என்பர். இந்த ஏற்றத்தாழ்வைக் கின்ஸ்பர்க் இன்னும் விரித்து எழுதியிருந்தால், நண்பருக்குச் சலுகை காட்டுகிறார் என்னும் குற்றச்சாட்டுக்கு இடமே இராது. 1992இல் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தின் கூட்டு அமர்வு, சொல்பவரின் நம்பகத்தன்மை, கூற்றின் அகப்பொருத்தம், புறச்சான்று என மூன்றையும் முறையே சோதிக்க வேண்டும் என்று வகுத்தபோது, நூலின் முறையியல் கவலை நீதித்துறைக்குள்ளும் இருந்தது என்பது தெளிவாயிற்று. பின்னைய மன்றங்கள் அம்மூன்றையும் சோதித்தோம் என்று கூறியே தண்டித்தன.

கொல்லப்பட்டவரின் குரல் இந்நூலின் ஓரத்திலேயே நிற்கிறது என்பதையும் சொல்லவேண்டும். தந்தை இறந்தபோது கைக்குழந்தைப் பருவம் தாண்டாத மகன் மாரியோ கலாப்ரேசி 2007இல் எழுதிய நினைவு நூலை உடன்வைத்துப் படித்தால்தான், 'சூழல்' என்று ஆய்வாளர் எழுதும் சொல் ஒரு வீட்டுக்குள் என்னவாக இருந்தது என்பது புலப்படும்.

ஆங்கில மொழிபெயர்ப்பு 1999இல் லண்டன் வெர்சோ பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. பெயர்த்தவர் ஆன்டனி ஷுகார். அதன் துணைத்தலைப்பு ஒரு தனிக்குறிப்புக்கு உரியது. இத்தாலியத் துணைத்தலைப்பு, 'சோஃப்ரி வழக்கின் ஓரக்குறிப்புகளாகச் சில எண்ணங்கள்' என்னும் பொருளுடையது. அதில் தீர்ப்பு இல்லை. 'வழக்கு' என்னும் சொல்லே உள்ளது. ஆங்கிலத்தில் அது 'இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒரு நீதிப்பிழை பற்றிய ஓரக்குறிப்புகள்' ஆகிவிட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் தண்டனை இறுதியாகி, நண்பர் சிறை சென்றுவிட்டார். பதிப்பகத்தாரின் சினம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் சோஃப்ரியின் பெயர் அட்டையிலிருந்து மறைந்து, நூல் முழுதும் வாதாடி நிறுவ முயலும் முடிவு அங்கே பெயர்ச்சொல்லாக அமர்ந்துவிட்டது. 'பெந்தீத்தோ' என்னும் பெயர் மரீனோவின் கூற்றுக்குச் செய்ததையே 'நீதிப்பிழை' என்னும் பெயர் கின்ஸ்பர்க்கின் கூற்றுக்குச் செய்கிறது. தமிழில் இந்நூலைப் பெயர்க்க முன்வருவோர் இத்தாலியத் துணைத்தலைப்பையே கொள்வார்களாக. 'வழக்கு' என்னும் தமிழ்ச்சொல் மன்றத்தில் நடப்பதையும் மொழியில் வழங்குவதையும் ஒருங்கே சுட்டும் என்பது இந்நூலுக்குக் கிடைக்கும் கூடுதல் பேறு.